கையை விட்டா மெஷின் நிக்கணும், தம்பி

ஒரகடம் பக்கம் குடோன் தரை போடுற வேலையில இருக்குற 23 வயசுத் தம்பி ஒருத்தர் எழுதியிருக்கார். பேர் வேண்டாம்னு கேட்டுக்கிட்டார், அதனால போடல. கடிதத்தைச் சுருக்கித் தர்றேன். அதுல வர்ற டிரைமிக்ஸ்னா ஈரக் காங்கிரீட்லருந்து மிச்சத் தண்ணியை வேக்கூம் வெச்சு உறிஞ்சிப் போடுற தரை; ஹெலிகாப்டர்னா அந்தத் தரையை, ஃபேன் றெக்கை மாதிரி சுத்துற பிளேடால தேய்ச்சு வழவழப்பாக்குற எஞ்சின் மெஷின், ஆள் பின்னாடி நின்னு கைப்பிடியைப் பிடிச்சு ஓட்டணும்.

"அண்ணே, முன்னாடி சென்ட்ரிங் வேலையில ஹெல்பரா இருந்தேன். ரெண்டு மாசமா டிரைமிக்ஸ் தரை போடுற டீம்ல இருக்கேன். ஹெலிகாப்டர் மெஷின் ஓட்டுற அண்ணன் ஊருக்குப் போயிட்டார்னு மேஸ்திரி என்னை ஓட்டச் சொல்லிட்டார். அரை மணி நேரம்தான் சொல்லிக் குடுத்தாங்க. கைப்பிடி லீவரை கட்டுக்கம்பி போட்டு எப்பவும் இறுக்கியே வெச்சிருக்காங்க, கை வலிக்காதுன்னு. போன வாரம் நைட்டு தூண் ஓரமா ஓட்டும்போது பிளேடு எதுலயோ மாட்டி கைப்பிடி சுத்தி இடுப்புல அடிச்சிருச்சு, விழுந்துட்டேன். கன்னிப் போயிருக்கு, ஆனா நடக்குறேன். அதுலருந்து மெஷின் சத்தம் கேட்டாலே கை நடுங்குது. பயந்தா வேலைக்கு ஆகாது, ஓட்ட ஓட்ட சரியாயிடும்னு மேஸ்திரி சொல்றார். நைட்டு வேலை முடிஞ்சா தலைவலி, வாந்தி வர்ற மாதிரியும் இருக்கு. அம்மா வேலையை விட்டுடுங்கிறாங்க. அடுத்த மாசம் கிரைண்டிங் மெஷின்ல வேற போடப் போறாங்களாம். என்ன பண்ணட்டும்ணே?"

தம்பி, மெஷினைப் பத்தி அப்புறம் பேசலாம், இடுப்பு எக்ஸ்ரே எடுத்தீங்களா? எடுக்கலன்னா நாளைக்கே போங்க. நடக்க முடியுதுங்கிறதால எலும்புல கீறல் இல்லன்னு ஆயிடாது. அடி கொஞ்சம் மேல, விலாவுக்குக் கீழ முதுகுப் பக்கமா பட்டிருந்தா ஒண்ணுக்குப் போகும்போது நிறம் பாருங்க, சிவப்பாவோ டீ டிக்காஷன் மாதிரியோ இருந்தா நாளை வரைக்கும் காத்திருக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. டாக்டர்கிட்ட படியில வழுக்கி விழுந்தேன்னு சொல்லாம மெஷின் கைப்பிடி அடிச்சதுன்னே சொல்லுங்க, சீட்டுல அப்படியே எழுதட்டும். பின்னாடி இழப்பீடு, நல வாரியம்னு எதுக்காவது போக வேண்டி வந்தா அந்தச் சீட்டுதான் பேசும்.

ரெண்டாவது அந்தத் தலைவலி. அதை அசதின்னு நினைச்சு விட்டுடாதீங்க. எனக்கு அது எஞ்சின் புகையா இருக்கும்னு பலமான சந்தேகம், கீழ விவரமா சொல்றேன். அதுவரைக்கும் மூடின ஷட்டருக்குள்ள பெட்ரோல் எஞ்சின் ஓடுற இடத்துல வேலை செய்யாதீங்க.

இப்ப லீவர். உங்க கை நடுங்குறதுக்கு நியாயமான காரணம் இருக்கு. அடக்க முடியாத ஒரு மெஷினை உங்க கையில குடுத்திருக்காங்க, உங்க உடம்புக்கு அது தெரிஞ்சு போச்சு, அவ்வளவுதான். ஓட்ட ஓட்ட சரியாயிடும்னு மேஸ்திரி சொல்றது பாதி உண்மை. கையை விட்டா நிக்கிற மெஷினா இருந்தா ஓட்ட ஓட்டப் பழகும். கையை விட்டாலும் நிக்காத மெஷின்ல பழகுனா பயம் மட்டும்தான் போகும், ஆபத்து அப்படியே இருக்கும், பயமும் போன ஆள் இன்னும் கிட்டப் போவான்.

இதை நான் அனுபவிச்சுத்தான் சொல்றேன். நான் மொசைக் பாலிஷ் ஹெல்பரா ஆரம்பிச்சு அப்புறம் காங்கிரீட் தரைக்கு வந்தவன், இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆரம்ப காலத்துல கோயம்புத்தூர் பக்கம் ஒரு மில்லு தரை வேலை, ராத்திரி பன்னெண்டு மணி இருக்கும், கிளட்ச் லீவரைப் பிடிச்சுப் பிடிச்சு விரல் மரத்துப் போய் நானே ஒரு துண்டுக் கட்டுக்கம்பியை எடுத்து லீவரைக் கைப்பிடியோட சேர்த்து முறுக்கிட்டேன். ஒரு மணி நேரம் சுகமா இருந்துச்சு. அப்புறம் டீ குடிக்கப் போறேன்னு மெஷினை என் கூட்டாளிகிட்ட குடுத்தேன், கட்டியிருக்குறதைச் சொன்னேனா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு ஞாபகம் இல்ல. தரையில துருத்திக்கிட்டு இருந்த ஒரு கம்பி முனையில பிளேடு மாட்டுச்சு, அவன் பழக்கத்துல கையை விட்டுட்டான், விட்டா நிக்கும்னு நம்பித்தானே விட்டான். நிக்கல. கைப்பிடி ஒரு சுத்து சுத்தி வந்து அவன் முழங்காலுக்குக் கீழ அடிச்சு எலும்பு முறிஞ்சிருச்சு. மெஷின் அதுக்கப்புறமும் சுத்திக்கிட்டே நகர்ந்து போகுது, கைப்பிடி ஃபேன் றெக்கை மாதிரி வீசுது, பக்கத்துல யாராலயும் போக முடியல, அவனைக் கால்ல பிடிச்சு இழுத்துத்தான் வெளிய கொண்டு வந்தோம். கடைசியில தூண்ல மோதி எஞ்சின் அணைஞ்சுச்சு. அவன் ஏழு மாசம் வேலைக்கு வரல. அந்தக் கம்பியை முறுக்குனது என் கை. அதுலருந்து எந்த சைட்டுக்குப் போனாலும் மெஷின் பக்கம் போனவுடனே நான் பாக்குறது லீவரைத்தான்.

ஏன் அப்படிச் சுத்துதுன்னு புரிஞ்சுக்கோங்க. எஞ்சின் பிளேடை ஒரு பக்கமா சுத்துது, அதே பலத்துல மெஷின் உடம்பை எதிர்ப்பக்கமா தள்ளுது. சாதாரணமா அந்தத் தள்ளலைக் கைப்பிடி வழியா உங்க ரெண்டு கையும் தாங்குது, பிளேடு வழுக்கிக்கிட்டு ஓடுறதால அது லேசாத்தான் தெரியும். பிளேடு மாட்டி நின்ன அந்த நொடியில பலம் முழுக்கக் கைப்பிடிக்கு வந்துடும். 36 இன்ச் மெஷின் எஞ்சினைப் பொறுத்து 80லருந்து 100 கிலோ இருக்கும், கைப்பிடி ஆள் உயரத்துக்குக் கிட்ட நீளம். அதைக் கையால பிடிச்சு நிறுத்துறேன்னு எவ்வளவு பலசாலி நினைச்சாலும் மணிக்கட்டு போகும், தோள் போகும். அதுக்குத்தான் அந்த லீவர். சில மெஷின்ல லீவரை அழுத்துனாத்தான் பெல்ட் இறுகி பிளேடு சுத்தும், விட்டா பெல்ட் தளர்ந்து பிளேடு நிக்கும். சில மெஷின்ல லீவர் ஆக்சிலேட்டரோட சேர்ந்தது, விட்டா எஞ்சின் ஐடிலுக்கு வந்து கிளட்ச் தானா விட்டுடும். இன்னும் சிலதுல கைப்பிடியிலேயே ஒரு சுவிட்ச் உண்டு, கைப்பிடி வேகமா சுத்த ஆரம்பிச்சா அதுவே எஞ்சினை அணைக்கும். எந்த வகையா இருந்தாலும் வேலை ஒண்ணுதான். உங்களுக்கு யோசிக்க நேரம் இருக்காது, கை தானா விடும், அந்த விடுறதையே பிரேக்கா மாத்திருக்கான். கட்டுக்கம்பி போட்டீங்கன்னா அந்தப் பிரேக்கைக் கழட்டி எறிஞ்ச மாதிரி.

அப்ப ஏன் எல்லா சைட்லயும் கட்டுறாங்க? கை வலிக்குதுங்கிறது ஒரு காரணம், நிஜமான வலிதான், நான் மறுக்கல. இன்னொரு காரணம் நெறைய பேர் கவனிக்கிறதில்ல. கேபிள் இழுத்து இழுத்து நீண்டு போயிருக்கும், இல்ல பெல்ட் தேஞ்சிருக்கும், அப்ப லீவரை முழு பலத்தோட இறுக்கிப் பிடிச்சாத்தான் பிளேடு சுத்தும், சாதாரணமா பிடிச்சா வழுக்கும். அதைத் தாங்க முடியாமத்தான் கம்பி போடுறான். கேபிளை அட்ஜஸ்ட் பண்ணி, பெல்ட் மாத்தி, லீவர் திருகுற இடத்துல கொஞ்சம் ஆயில் விட்டுப் பாருங்க, ரெண்டு விரல் பலத்துல நிக்கும். மெஷின் விலையில அதெல்லாம் ஒரு காசா? அதோட ஒரே ஆளை நாலு மணி நேரம் ஓட்ட விடக்கூடாது. எங்க டீம்ல முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆள் மாத்துவோம், மாறும்போது வர்ற ஆள் ஒரு தடவை லீவரை விட்டுப் பாத்து நிக்குதான்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் ஓட்டணும். என் கூட்டாளி கால் முறிஞ்சதுக்கப்புறம் நான் வெச்ச பழக்கம் அது.

நாளைக்கு உங்க மெஷின்ல இதைச் செஞ்சு பாருங்க. எஞ்சின் அணைச்சிட்டு, ஸ்பார்க் பிளக் வயரைக் கழட்டி ஓரமா வெச்சிட்டு, அந்தக் கட்டுக்கம்பியை கட்டிங் பிளேயரால வெட்டி எடுங்க. லீவரை அழுத்தி விடுங்க, ஸ்பிரிங் தானா திருப்பி எழுப்புதான்னு பாருங்க. பாதியில நின்னா, மெதுவா வந்தா, ஸ்பிரிங் போச்சுன்னு அர்த்தம், அந்த மெஷின் அன்னைக்கு ஓடக் கூடாது. குனிஞ்சு பிளேடையும் பாருங்க, ஆனா வெறுங்கையால தடவாதீங்க, தேஞ்ச பிளேடு ஓரம் சவரக் கத்தி மாதிரி ஆயிடும், கிளவுஸ் போட்டுக்கோங்க. சுத்தி இருக்குற வளையம் நெளியாம முழுசா இருக்கணும், பெல்ட் கவர் இருக்கணும். இதெல்லாம் பாக்க அஞ்சு நிமிஷம் கூட ஆகாது.

ஸ்டார்ட் பண்றதுல ஒரு விஷயம். ஆக்சிலேட்டர் ஐடில்ல இருக்கணும், லீவர் விட்ட நிலையில இருக்கணும். கயிறு இழுக்குற ஆள் இழுக்கட்டும், அதே நேரம் கைப்பிடியை இன்னொருத்தர் பிடிச்சிருக்கணும். கைப்பிடி ஆளில்லாம கிடக்க எஞ்சினை ஸ்டார்ட் பண்றதுதான் பெரிய தப்பு, ஆக்சிலேட்டர் ஏறியிருந்து கிளட்ச் பிடிச்சுக்கிச்சுன்னா இழுத்தவன் மூஞ்சிக்கு நேரா கைப்பிடி வரும்.

ஓட்டுறது பலத்துல இல்ல, தூக்கி அழுத்துறதுல இருக்கு. உங்களுக்கு அரை மணி நேரத்துல இதைச் சொல்லிக் குடுத்தாங்களான்னு தெரியல. பிளேடு மேலருந்து பாக்க கடிகாரம் சுத்துற பக்கமா சுத்துற மெஷின்ல, பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், கைப்பிடியை லேசா மேல தூக்குனா மெஷின் இடது பக்கம் போகும், லேசா கீழ அழுத்துனா வலது பக்கம் போகும். லேசான்னா ரொம்ப லேசா, ஒரு சைக்கிள் ஹாண்டில்பார்ல கை வெச்ச மாதிரி. புதுசா வர்றவங்க எல்லாரும் பக்கவாட்டுல இழுத்துத் தள்ளிப் போராடுவாங்க, பத்து நிமிஷத்துல முதுகு போயிடும், அசந்த கைதான் மாட்டுனவுடனே ஏமாறும். காலை மெஷின் வளையத்துக்குள்ள விடாம, ரெண்டு காலும் கொஞ்சம் அகட்டி, முழங்கை உடம்போட ஒட்டி, கைப்பிடி முனை வயித்துக்கு நேரா குத்துற மாதிரி இல்லாம நில்லுங்க. சுத்துனா எந்தப் பக்கம் சுத்தும்னு தெரிஞ்சு வெச்சுக்கோங்க, பிளேடு சுத்துற திசைக்கு எதிர்ப்பக்கம், அதாவது நான் சொன்ன மெஷின்ல முனை உங்க வலது பக்கமா ஓடும். மாட்டுச்சுன்னா பிடிச்சு நிறுத்தப் பாக்காம ரெண்டு கையையும் விட்டுட்டு பின்னாடி ரெண்டு எட்டு வெச்சுடுங்க. மெஷின் போனாப் போகுது.

மாட்டாம இருக்குறதுக்கு தரை தயாரா இருக்கணும். இது பாதுகாப்பு விஷயம்னு யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா பாதி விபத்து இங்கதான் ஆரம்பிக்குது. காங்கிரீட் மேல ஏறி நின்னு பாருங்க, கால் தடம் 3லருந்து 6 மில்லிமீட்டர் ஆழம் பதிஞ்சா மெஷின் இறக்கலாம். அதுக்கு மேல அமுங்குச்சுன்னா இன்னும் இளசு, பிளேடு உள்ள இறங்கிக் கவ்வும், தரையும் போச்சு கையும் போச்சு. மொதல் சுத்துக்கு பிளேடை மட்டமா வெச்சோ, இல்ல பிளேடுக்குக் கீழ வட்டத் தட்டு மாட்டியோ ஓட்டுங்க, தரை இறுக இறுகக் கொஞ்சம் கொஞ்சமா பிளேடைச் சாய்ங்க. அவசரப்பட்டு ஆரம்பத்துலேயே சாய்ச்சா கலப்பை மாதிரி உழும். முடிக்கணும்னு மேஸ்திரி விரட்டுற நேரத்துலதான் இந்தத் தப்பு நடக்கும், லாரி லேட்டா வந்துச்சு, கடைசி லோடு இளசா இருக்கு, முதல் லோடு இறுகிடுச்சு, ஒரே மூச்சுல ரெண்டையும் ஓட்டச் சொல்வாங்க. அந்த ரெண்டு லோடு சேர்ற கோட்டுக்கிட்ட ரொம்பக் கவனம்.

தூண் ஓரம், சுவர் ஓரம், கான்ட்யூட் பைப் தலை, ஆங்கர் போல்ட், கட்டிங் கம்பி முனை, இதெல்லாம் வெளிச்சம் இருக்கும்போதே நடந்து பாத்து சிவப்பு ஸ்பிரே அடிச்சு வைங்க, ராத்திரி ஃபோகஸ் லைட் ஒரு பக்கத்துலருந்து அடிச்சா இந்தப் பக்கம் முழுக்க நிழல்தான், நீங்க மாட்டுனதும் அப்படித்தான் இருக்கும். தூண்லருந்து ஒரு அடி விட்டு மெஷினை ஓட்டிட்டு மிச்சத்தைக் கரணையால கையால தேய்ங்க. அந்த ஒரு அடிக்கு ஆசைப்பட்டுத்தான் பாதி பேர் அடி வாங்குறாங்க.

அப்புறம் பின்னாடி நடக்குறது. கடைசி சுத்துல நம்ம கால் தடம் விழக்கூடாதுன்னு மெஷினை இழுத்துக்கிட்டே பின்னாடி நடப்போம். குடோன்ல லாரி நிக்கிற டாக் பக்கம் தரை கிட்டத்தட்ட நாலு அடி உயரத்துல முடியும். கண்ணு மெஷின்ல, கால் பின்னாடி, அந்த ஓரத்துல ஒண்ணுமே இல்ல. நீங்க விழுந்தா மேலயே மெஷின் விழும். ஓரத்துக்குக் குறுக்க கம்பி தடுப்பு வைக்கச் சொல்லுங்க, முடியலன்னா ஓரத்துக்கு இணையா ஓட்டுங்க, ஓரத்தைப் பாத்து முதுகு காட்டாதீங்க. மெஷினை இடம் மாத்தும்போது வளையத்தைப் பிடிச்சுத் தூக்குறது, ரெண்டு பேரே இழுத்துக்கிட்டு லாரியில ஏத்துறதுன்னு பண்ணாதீங்க, நாலு பேர் வேணும், இல்ல கொக்கி மாட்டுற இடத்துல சங்கிலி போட்டு ஹைட்ரா கிரேன் வெச்சுத் தூக்கணும், தூக்கும்போது கீழ யாரும் நிக்கக் கூடாது.

துணிமணி பத்தி ஒரு வரி: லுங்கி, தோள்ல துண்டு, கையில தொங்குற கயிறு, காதுல ஹெட்போன், நாலும் வேண்டாம். கம்பூட் போடுங்க. பச்சை காங்கிரீட் தண்ணி கடுமையான காரம், பிஹெச் 12க்கு மேல இருக்கும், முட்டி போட்டு ஓரம் தேய்ச்சா அந்த நேரத்துல ஒண்ணும் தெரியாது, ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு தோல் உரிஞ்சு புண்ணாயிருக்கும். நனைஞ்ச பேண்டை உடனே மாத்தி நல்ல தண்ணி விட்டுக் கழுவுங்க.

இப்ப அந்தத் தலைவலி. தரை போடும்போது காத்து அடிச்சா மேல சீக்கிரம் காஞ்சு மயிர் மாதிரி வெடிப்பு விழும், அதனால ஷட்டர் எல்லாத்தையும் இறக்கி விட்டுடுவாங்க. தரைக்கு அது நல்லது. ஆனா உள்ள ரெண்டு ஹெலிகாப்டர், வெளிச்சத்துக்கு ஒரு ஜெனரேட்டர், சில சமயம் காங்கிரீட்டை மட்டம் தட்டுற ஸ்க்ரீட் எஞ்சின் வேற, எல்லாம் ஆறு மணி நேரம் ஓடுது. பெட்ரோல் எஞ்சின் புகையில கார்பன் மோனாக்சைடு இருக்கு. அதுக்கு நிறம் இல்ல, வாசனை இல்ல. நீங்க மோந்து பாக்குறது புகையோட மத்த நாத்தம், அது பழகிப் போய்த் தெரியாமப் போனாலும் இது உள்ள போய்க்கிட்டே இருக்கும். ரத்தத்துல ஆக்சிஜன் ஒட்டிக்கிற இடத்துல இது 200 மடங்குக்கும் மேல பலமா ஒட்டிக்கும், அப்ப மூச்சு விட்டுக்கிட்டே இருந்தும் உடம்புக்கு ஆக்சிஜன் பத்தாது. தலைவலி, குமட்டல், தலை சுத்தல், கால் வலுவில்லாம போறது, அப்புறம் மயக்கம், அதுக்கப்புறம் எழுந்திரிக்க மாட்டாங்க. எழுந்து ஓடணும்னு தோணுற புத்தியையே அது மொதல்ல மழுங்கடிச்சுடும். லீவரும் இங்க உதவாது பாருங்க, மயங்கி விழுந்தா பிளேடு நிக்கும், எஞ்சின் ஐடில்ல ஓடிக்கிட்டே புகை விடும்.

அமெரிக்காவுல நையோஷ்னு தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் ஒண்ணு இருக்கு, அவங்க 1996லயே சின்ன பெட்ரோல் எஞ்சின் மெஷினைக் கட்டிடத்துக்குள்ள ஓட்டாதீங்கன்னு எச்சரிக்கை விட்டாங்க. கதவு ஜன்னலைத் திறந்து வெச்சு ஃபேன் போட்டாலும் போதும்னு சொல்ல முடியாதுன்னு அதுலயே இருக்கு. காத்துல இந்த வாயுவுக்கு அவங்க பரிந்துரைக்கிற உச்ச அளவு வேலை நேரம் முழுக்கச் சராசரியா பத்து லட்சத்துல 35 பங்கு. அது கண்ணுக்குத் தெரியாதுங்கிறதால அளக்குற கருவி வேணும், கையடக்கமா பெல்ட்ல மாட்டிக்கிற அலாரம் கடையில கிடைக்குது, குடோன் வேலை எடுக்குற டீமுக்கு ஒண்ணு கட்டாயம் இருக்கணும்னு நான் எங்க ஓனர்கிட்ட சண்டை போட்டு வாங்கினேன். மூடின இடத்துக்கு கரண்ட்ல ஓடுற ஹெலிகாப்டர்தான் சரி. அது இல்லன்னா ஜெனரேட்டரையாவது இன்னைக்கே வெளிய கொண்டு போகச் சொல்லுங்க, எதிரெதிர் ஷட்டரை ரெண்டடி மேல ஏத்தச் சொல்லுங்க, எக்ஸாஸ்ட் ஃபேன் புகையை வெளிய இழுக்குற மாதிரி மேல வைங்க, தரை மேல காத்து நேரா அடிக்காம பாத்துக்கலாம். ஆனா மேல சொன்ன மாதிரி இது மட்டும் போதும்னு நம்பிடாதீங்க, அலாரம் கூடவே இருக்கணும். ஒரே நேரத்துல ரெண்டு பேருக்குத் தலை வலிச்சா கேள்வியே வேணாம், எஞ்சினை அணைச்சிட்டு எல்லாரும் வெளிய. யாராவது மயங்கிக் கிடந்தா வெளிய காத்தோட்டமான இடத்துக்கு இழுத்துக்கிட்டு வந்து 108க்கு போன் போடுங்க, புகைக்குள்ள இருந்தவர்னு ஆம்புலன்ஸ்காரங்ககிட்ட மறக்காம சொல்லுங்க, ஆக்சிஜன் குடுக்கணும். உள்ள தூக்கப் போற ஆளும் அதே காத்தைத்தான் மூச்சு வாங்குவார், அதனால மொதல்ல எஞ்சினை நிறுத்தி ஷட்டரை ஏத்திட்டுப் போங்க. சூட்டோட இருக்குற எஞ்சின்ல பெட்ரோல் ஊத்துறதும் வேண்டாம், வெளிய கொண்டு வந்து ஆறவிட்டு ஊத்துங்க.

அடுத்த மாசம் கிரைண்டிங்னு எழுதியிருக்கீங்க. அது இறுகின தரையை டைமண்ட் கல்லால தேய்க்குற வேற மாதிரி மெஷின், கரண்டுல ஓடுறது, பெருசுன்னா 200, 300 கிலோ தாண்டும், கைப்பிடி சுத்துற ஆபத்து கம்மி, ஆனா வேற ரெண்டு இருக்கு. ஒண்ணு கரண்ட். தண்ணி விட்டுத் தேய்க்குற மெஷின்ல தரை முழுக்கச் சேறு, அதுல கேபிள் கிடக்கும், கேபிள் நடுவுல டேப் சுத்துன ஜாயிண்ட் அந்தச் சேத்துக்குள்ள. 415 வோல்ட் மூணு ஃபேஸ், ஈரக் கால். நான் மொசைக் பாலிஷ்ல இருந்தப்ப எர்த் போற பச்சை வயரை வெட்டி விட்டுட்டு ஓட்டுற மெஷினை நெறையப் பாத்திருக்கேன், எர்த் போட்டா டிரிப் ஆகுதுன்னு காரணம் சொல்வாங்க. டிரிப் ஆகுதுன்னா மெஷின் உடம்புல கரண்ட் கசியுது, அதைத்தானே அது சொல்லுது! கரண்ட் கசிஞ்சா 30 மில்லி ஆம்பியர்லயே டிரிப் ஆகுற ஆர்சிசிபிங்கிற பாதுகாப்பு சுவிட்ச் போர்டுல இருக்கணும், தினம் காலையில அதோட டெஸ்ட் பட்டனை அழுத்தி விழுதான்னு பாக்கணும். ஜாயிண்ட் இல்லாத கேபிள், தண்ணி போகாத இண்டஸ்ட்ரியல் பிளக், கேபிள் தோள் மேல இல்லன்னா பின்னாடி, மெஷின் போற வழியில இல்ல. வேற போர்டுக்கு மாத்தும்போது ஃபேஸ் மாறிப் போனா மெஷின் எதிர்ப்பக்கம் சுத்தும், நீங்க எதிர்பாக்காத பக்கம் இழுக்கும், அதனால புது போர்டுல மொதல் தடவை சுவிட்சை ஒரு நொடி தட்டிப் பாத்துட்டு ஓட்டுங்க. டைமண்ட் கல்லு மாத்தும்போது சுவிட்ச் ஆஃப் மட்டும் பத்தாது, பிளக்கை உருவி உங்க கண்ணு முன்னாடி வெச்சுக்கோங்க.

இன்னொண்ணு தூசி. காய்ஞ்ச காங்கிரீட்டைத் தேய்ச்சா வர்ற தூசியில சிலிக்கா இருக்கு, மணலும் ஜல்லியும் அதுதானே. கண்ணுக்குத் தெரியுற தூசி மூக்குலயே நின்னுடும், தெரியாத பொடிதான் நுரையீரல் அடி வரைக்கும் போகுது, போனது திரும்பி வராது, நுரையீரல் தழும்பு பிடிச்சு இறுகிக்கிட்டே போகும். சிலிக்கோசிஸ்னு பேரு, குணப்படுத்த மருந்து இல்ல, காசநோய் வர்ற வாய்ப்பும் கூடும், புற்றுநோய் வரவும் காரணம்னு உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவே 1997ல முடிவு சொல்லிடுச்சு. நாம சின்ன வயசுல எழுதுன சிலேட்டுக் குச்சி, அதை அறுக்குற வேலை மத்தியப் பிரதேசத்துல மந்த்சௌர் பக்கம் நடந்துச்சு, அங்க எத்தனையோ இளவயசு ஆளுங்க இதே தூசியில இருமி இருமியே போனாங்க. அமெரிக்காவுல 2016ல கொண்டு வந்த விதியில 8 மணி நேர வேலைக்கு ஒரு கன மீட்டர் காத்துல 50 மைக்ரோகிராம்தான் எல்லை. கணக்குப் போட்டுப் பாருங்க, 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் இருக்குற ஒரு ஹாலுக்கு மொத்தமே 15 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பு அதைவிடப் பல மடங்கு எடை.

மூஞ்சியில துண்டு கட்டுறது இதுக்கு ஒண்ணும் பண்ணாது. தண்ணி விட்டுத் தேய்க்கணும், இல்ல மெஷினைச் சுத்தி இருக்குற பாவாடை மறைப்பு தரையைத் தொட்டுக்கிட்டு, நுண்ணிய பொடியையும் பிடிக்குற ஹெப்பா ஃபில்டர் போட்ட வேக்கூமோட ஓடணும். அதுக்கு மேலதான் மாஸ்க், குறைஞ்சது என்95, மூக்குல கம்பியை அழுத்தி ஓரம் காத்து வராம போடணும், தாடி இருந்தா ஒட்டாது. வேலை முடிஞ்சு விளக்கமாறு போட்டுக் கூட்டுறாங்க பாருங்க, கீழ படிஞ்ச பொடி மறுபடி காத்துல பறக்கும், கூட்டாதீங்க. அந்தச் சட்டையோட வீட்டுக்குப் போய்க் குழந்தைங்களைத் தூக்காதீங்க, சைட்லயே மாத்திட்டுப் போங்க.

அம்மா சொல்றதை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா இது நல்ல தொழில் தம்பி, ஒழுங்கா ஓட்டத் தெரிஞ்ச ஆளுக்கு நல்ல கூலி, காலையில வெளிச்சத்துல அந்தத் தரை பளபளன்னு கிடக்குறதைப் பாக்குற சந்தோஷம் எனக்கு இன்னும் போகல. விடுறதா வேண்டாமாங்கிறதை மேஸ்திரி என்ன செய்றார்னு பாத்து முடிவு பண்ணுங்க. அவர்கிட்ட சண்டையா போகாதீங்க, எல்லார் முன்னாடியும் கேக்காதீங்க, டீ நேரத்துல தனியா, "அண்ணே, கம்பியை எடுத்துட்டு கேபிளைச் சரி பண்ணிக்கலாம், நான் ஓட்டுறேன். கட்டி வெச்சா என்னால ஓட்ட முடியாது, மறுபடி மாட்டி தரையில குழி விழுந்தா உங்களுக்குத்தான் பேர் கெடும்"னு சொல்லுங்க. தரை கெடும்னு சொன்னா காது குடுக்குற மேஸ்திரிங்க நெறைய பேர். கேட்டார்னா அவர்கிட்ட தொழில் கத்துக்கோங்க. ரெண்டு நாள்ல மறுபடி கம்பி கட்டியிருந்தா, புகைக்கு ஒண்ணும் பண்ணலன்னா, வேற டீம் பாருங்க, மெஷின் ஓட்டத் தெரிஞ்ச ஆளுக்கு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் பஞ்சம் இல்ல. அப்படியே கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துல பதிவு பண்ணியிருக்கீங்களான்னும் பாருங்க, இல்லன்னா இந்த மாசமே பண்ணுங்க.

கூட வேலை செய்ற பீகார், ஒடிசா பசங்களுக்கும் இதைச் சொல்லிக் குடுங்க. மெஷின் சத்தத்துல பேச்சு கேக்காது, ரெண்டு கையையும் தலைக்கு மேல குறுக்க வெச்சா நிறுத்துன்னு எல்லாரும் ஒரே சைகை வெச்சுக்கோங்க, நிறுத்துங்கிறதுக்கு ஹிந்தியில "பந்த் கரோ"ங்கிற வார்த்தை எல்லாருக்கும் தெரியும்.

திரும்ப ஓட்ட ஆரம்பிக்கும்போது நேரா ராத்திரி வேலையில இறங்காதீங்க. பகல்ல, நடுவுல தூண் இல்லாத இடத்துல, இறுகின தரை மேல, பிளேடை மட்டமா வெச்சு, ஐடிலுக்குக் கொஞ்சம் மேல ஓட்டுங்க. பத்து தடவை ஓட்டி பத்து தடவை வேணும்னே லீவரை விடுங்க. விட்டா நிக்குதுன்னு கைக்கு நம்பிக்கை வந்தா நடுக்கம் குறையும், எத்தனை நாள் ஆகும்னு அவசரப்படாதீங்க. மொதல்ல எக்ஸ்ரே. அப்புறம் லீவரும் கேபிளும் தெரியுற மாதிரி கிட்டக்கருந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, எஞ்சின் மேல ஒட்டியிருக்குற தகட்டையும் சேர்த்து எடுங்க, எந்தக் கேபிள் வாங்கணும்னு பாத்துச் சொல்றேன்.